கண் நிறைந்து கதை சிதறும் இசைப்படத்துக்கு விமர்சனம் எழுதும் முறை

மலேசியாவின் தோட்டப் பட்டணங்களில் தமிழ்ப்படம் பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை; பார்த்த படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தருபவர்கள்தாம் அரிது. சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் தமிழ் இளைஞர் அமைப்பான மணிமன்றத்தின் கூட்டத்தில் வாசிப்பதற்கோ, தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்புவதற்கோ விமர்சனம் எழுத விரும்பும் இளையோருக்காக இதை எழுதுகிறேன். எல்லா வகைப் படங்களுக்கும் இங்கே வழி சொல்லப்போவதில்லை. பாட்டும் ஆட்டமும் அரங்க அமைப்பும் கண்ணைப் பறிக்க, கதை மட்டும் போகுமிடம் தெரியாமல் அலையும் இசைப்படத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். விமர்சகருக்கு மிகவும் தொல்லை தருவது இந்த வகைதான். அரங்கைவிட்டு வெளியே வரும்போது மனம் நிறைந்தும் இருக்கிறது, ஏதோ குறைந்தும் இருக்கிறது. இந்த இரண்டு உணர்வுகளையும், ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடாமல், ஒரே கட்டுரையில் சொல்லவேண்டியிருக்கிறது.

பார்க்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

பக்கத்துப் பெருநகரமான ஈப்போவுக்குப் போய்ப் பெரிய திரையில் பார்ப்பதாக இருந்தால், சிறிய குறிப்பேடு ஒன்றையும் பென்சில் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இருட்டில் கைத்தொலைபேசியைத் திறந்து தட்டச்சு செய்வது பின்வரிசையில் இருப்பவருக்குச் செய்யும் கொடுமை. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பெரிய எழுத்தில் மூன்றே செய்திகளைக் குறித்தால் போதும்: பாட்டு தொடங்கும் முன் பாத்திரங்கள் எந்த நிலையில் இருந்தார்கள், பாட்டு முடிந்தபோது அந்த நிலையில் என்ன மாறியது, பாட்டுக்குள் கண்ணில் ஒட்டிக்கொண்ட ஒரு காட்சி எது. இரண்டாவது செய்திக்கு எழுத எதுவும் கிடைக்காத பக்கங்கள் எத்தனை என்று வீடு திரும்பியபின் எண்ணிப் பாருங்கள். கதை சிதறியிருக்கிறது என்ற உங்கள் மனக்குறைக்கு அந்தப் பக்கங்களே சான்றாக நிற்கும். சான்றில்லாமல் ‘திரைக்கதை தொய்வு’ என்று எழுதுவது யாராலும் முடியும்.

இந்தச் சோதனையைப் பழகிப் பார்க்க எஸ். எஸ். வாசனின் 1948ஆம் ஆண்டுப் படமான ‘சந்திரலேகா’வைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1943இல் வாசன் அந்தப் படத்துக்கு விளம்பரம் செய்யத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது நாயகியின் பெயர் மட்டுமே. கதையை அவருடைய ஜெமினி ஸ்டுடியோவின் கதை இலாகா பின்னர்தான் தேடிக் கட்டியது. படப்பிடிப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அரியணைக்காக மோதும் இரண்டு இளவரசர்களின் கதைக்குள் சர்க்கஸ் வந்து சேர்ந்தது, நாடோடிக் கூட்டம் வந்து சேர்ந்தது, என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் தங்கள் நகைச்சுவையோடு வந்து சேர்ந்தார்கள். சர்க்கஸ் யானைகள் குகை வாயிலை அடைத்த பாறையை நகர்த்தி மூத்த இளவரசனை மீட்கும் இடத்தில் அந்தக் கிளை கதையோடு ஒட்டுகிறது. ஆனால் கூடாரத்துக்குள் நடக்கும் வித்தைகள் பலவற்றின்போது, அரியணைப் போட்டி என்று ஒன்று இருப்பதையே படம் சற்று நேரம் மறந்துவிடுகிறது. நம் குறிப்பேட்டின் இரண்டாவது இடம் அந்தப் பக்கங்களில் காலியாகவே இருக்கும்.

அதே படத்தின் இறுதியில் வரும் முரசு நடனத்துக்கு அந்தச் சோதனையை வைத்துப் பாருங்கள். அரண்மனை முற்றத்தில் மனிதர்களைவிடப் பெரிய முரசுகள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றின்மேல் பெண்கள் ஆடுகிறார்கள். தமிழ்த் திரையில் அதுவரை கண்டிராத காட்சி அது. பலவந்தத் திருமணத்துக்கு இசைந்தவளைப்போல நடிக்கும் சந்திரலேகா, அந்த நடனத்தைத் தன் நிபந்தனையாக வைத்திருக்கிறாள். ஆட்டம் முடிந்ததும் முரசுகள் பிளந்து உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்கிறார்கள். பாட்டுக்கு முன் அவள் சிறைப்பட்டவள், பாட்டுக்குப் பின் அரண்மனையே போர்க்களம். கண்ணுக்கு விருந்தான காட்சியே கதையின் திருப்பமாகவும் இருப்பதால்தான், நடுவில் எவ்வளவு அலைந்தாலும் அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது. நீங்கள் விமர்சிக்கும் படத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் கட்டுரையின் நடுத்தூண் அதுவே.

எதைக் குறை என்று சொல்லக்கூடாது

கதையை நகர்த்தாத பாட்டு எல்லாம் குறையுள்ள பாட்டு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நம் திரைப்படம் இசை நாடக மேடையிலிருந்து இறங்கி வந்தது. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸி’லேயே ஏறக்குறைய ஐம்பது பாடல்கள் இருந்தன. பாட்டுக்காகக் கதை நின்று காத்திருப்பது நமக்குப் பழகிப்போன ஒழுங்கு. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரதம், தொழிலாளர் வீட்டு வரிசையான ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் நின்று அருச்சனை வாங்கிக்கொண்டுதான் போகும். யாரும் அதைத் தாமதம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது எந்த வழியாகப் போய் எங்கே திரும்பப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். படமும் நிற்கலாம். நின்ற இடத்திலிருந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை மறந்துவிட்டதா என்பதே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி.

கிளைக்கதைகள் பல இருப்பதும் தன்னளவில் குற்றமாகாது. ஒரு கிளையை மனத்துக்குள் வெட்டி எடுத்துப் பாருங்கள்; அது இல்லாமலும் இறுதிக்காட்சி அப்படியே நடக்குமானால் அந்தக் கிளை தொங்குகிறது, நடக்காது என்றால் அது கதையைத் தாங்குகிறது. இன்னொரு வழியும் உண்டு. யாருக்கு என்ன வேண்டும், அதை யார் தடுக்கிறார்கள் என்பதைப் படத்தின் முதல் அரைமணி நேரத்துக்கு ஒரு வாக்கியமாகவும், இடைவேளைக்கு ஒரு வாக்கியமாகவும், முடிவுக்கு ஒரு வாக்கியமாகவும் எழுதிப் பாருங்கள். மூன்றும் ஒரே விருப்பத்தின் வளர்ச்சியாக இல்லாமல் மூன்று வெவ்வேறு படங்களைப் பற்றியவைபோலத் தோன்றினால், சிதறல் எந்த இடத்தில் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே மலேசிய வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் திரைக்கு வரும் படம் திரைப்படத் தணிக்கை வாரியத்தைக் கடந்து வருகிறது. சில காட்சிகள் அங்கே வெட்டப்பட்டிருக்கலாம். திடீரென்று ஒரு பாத்திரம் காணாமல் போவதையோ, ஒரு பாட்டு பாதியில் துண்டிக்கப்படுவதையோ கண்டவுடன் இயக்குநரின் தலையில் பழியைப் போடுவதற்கு முன், அந்த வெட்டு யாருடையது என்று யோசியுங்கள்.

அழகை எப்படிச் சொல்வது

பெரும்பாலான விமர்சனங்கள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். ‘பிரம்மாண்டம்’, ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரிவதில்லை. எது அழகாக இருந்தது, அதை யார் எப்படிச் செய்தார் என்று எழுதவேண்டும். கேமரா எங்கே நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவது எளிது. ஹாலிவுட்டில் 1933இலேயே நடன அமைப்பாளர் பஸ்பி பெர்க்லி கேமராவை ஆடுபவர்களின் தலைக்குமேல் ஏற்றி, மனிதர்களைப் பூக்களைப்போலவும் சக்கரங்களைப்போலவும் விரிந்து சுழலவைத்தார். அங்கே தனி ஒருவரின் ஆட்டத்துக்கு வேலை இல்லை, கூட்டம் வரைகிற கோலமே ஆட்டம். அதே காலத்து நடன நடிகரான ஃபிரெட் அஸ்டேர் தலைமுதல் கால்வரை தம் உடல் முழுவதும் திரையில் தெரியவேண்டும், வெட்டுகள் குறைவாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். நீங்கள் பார்த்த பாட்டு இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது? ஆடுபவரின் கால்களை எப்போதாவது முழுதாகப் பார்த்தீர்களா, அல்லது கண் சிமிட்டுவதற்குள் மாறும் துண்டுகளைப் பார்த்து ஆட்டத்தை நீங்களே கற்பனை செய்துகொண்டீர்களா? இதைக் கவனித்து எழுதினாலே உங்கள் கட்டுரை பிறருடையதிலிருந்து விலகி நிற்கும்.

வண்ணம், உடை, அரங்கு ஆகியவற்றுக்குத் தலைக்கொரு வாக்கியம் போதும். அவற்றைச் செய்த ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், நடன அமைப்பாளர் ஆகியோரின் பெயர்களைச் சரியாக எழுதுங்கள். நாயகனின் பெயரை வாசகர் எப்படியும் அறிவார்.

எழுதும் முறை

கதைச்சுருக்கத்தில் தொடங்காதீர்கள், மூன்று வாக்கியங்களுக்கு மேல் கதையைச் சொல்லவே வேண்டாம், முடிவைத் தொடவும் வேண்டாம். உங்களை மிகவும் கவர்ந்த பாட்டின் ஒரே காட்சியில் தொடங்கி, அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் கதை எப்படி இருந்தது என்று விரித்தால், புகழும் குறையும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். முதல் பாதியில் முழுக்கப் பாராட்டி, ‘ஆனால்’ என்று திரும்பி, மறுபாதியில் முழுக்கத் திட்டும் அமைப்பைப் பலரும் விரும்புகிறார்கள்; அதைப் படிப்பவருக்கு இரண்டு பேர் எழுதியதுபோல் இருக்கும். ‘படம் பார்க்கலாமா’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள். பெரிய திரையில் பார்த்தால் பணம் வீணாகாது, வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தால் பாதியில் எழுந்துவிடுவீர்கள் என்று சொல்லவேண்டிய படங்கள் உண்டு. இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவை அப்படித்தான்.

மணிமன்றத்தில் வாசிக்கும்போது பெரியவர்களிடமிருந்து எதிர்ப்பு வரும். தோட்டத்துத் திடலில் திரைகட்டிப் படம் போட்ட காலத்தில் பாய் விரித்து அமர்ந்து பார்த்த ஒரு பாட்டி, “ஏய்யா, பாட்டெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு, அப்புறம் என்னா குறை சொல்றே?” என்று கேட்பார். அவரிடம் வாதாட வேண்டாம். “எந்தப் பாட்டு பாட்டி ரொம்பப் பிடிச்சது? அதுக்கு முன்னால என்னா நடந்துச்சு?” என்று திருப்பிக் கேளுங்கள். பாட்டை வரிக்கு வரி சொல்லிவிட்டு, முன்னால் நடந்ததைச் சொல்ல அவர் தடுமாறினால், உங்கள் கருத்து சபைக்கு விளங்கிவிடும். தடுமாறாமல் சொல்லிவிட்டால், உங்கள் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

நாளிதழுக்கு அனுப்புவதற்கு முன், கட்டுரையின் அடியில் படத்தை எந்த ஊரில், திரையரங்கிலா இணையத்திலா, எவ்வளவு நீளமான வடிவத்தில் பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். பின்னர் அதே படம் சில நிமிடங்கள் கூடவோ குறையவோ வெளிவந்தால், நீங்கள் குறை சொன்ன இடம் எந்த வடிவத்தில் இருந்தது என்பதை வாசகர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.