சாய்வு பாராமல் அளப்பது எப்படி: இடது, வலது ஆட்சிகளில் எதேச்சாதிகாரப் போக்கைக் கண்டறியும் முறை

எதேச்சாதிகாரம் எதிர்க்கட்சிக்காரரின் நோய் என்று நம்பிக்கொண்டே தம் கட்சியின் எதேச்சாதிகாரத்தைத் தாங்கிப்பிடிப்பவர்களை எல்லா நாட்டிலும் காணலாம். அந்தக் கண்மறைப்பிலிருந்து விடுபட நான் சில ஆண்டுகளாகக் கையாளும் முறையை இங்கே எழுதுகிறேன். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், கொள்கையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அரசுகளும் தேவை. அவற்றில் ஒன்றாவது உங்கள் மனம் இயல்பாகச் சாயும் பக்கத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பயிற்சியால் பயனில்லை. பழகுவதற்கு நல்ல இணை, இடதுசாரி ஹூகோ சாவேஸும் அவருக்குப் பின் நிக்கோலஸ் மதுரோவும் ஆண்ட வெனிசுவேலாவும், வலதுசாரி விக்டர் ஓர்பான் 2010இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகான ஹங்கேரியும் ஆகும். சாவேஸ், ஓர்பான் இருவரும் நேர்மையான தேர்தலில் வென்றே ஆட்சிக்கு வந்தார்கள் என்பதுதான் இந்த இணையின் சிறப்பு.

முதலில் மேடைப் பேச்சுகளை ஒதுக்கிவையுங்கள். ஒருவர் ஏழைகள், புரட்சி, ஏகாதிபத்தியம் என்றார். மற்றவர் தேசம், கிறித்தவப் பண்பாடு, எல்லைக் காவல் என்றார். 1989இல் புடாபெஸ்ட் மாவீரர் சதுக்கத்தில் நின்று சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று முழங்கிய இளைஞர் ஓர்பான்தான் 2014இல் தாராளவாதம் சாராத அரசைக் கட்டுவதாக வெளிப்படையாக அறிவித்தார் என்பதை நினைத்தால், பேச்சை வைத்து ஆளை எடைபோடுவதில் உள்ள சிக்கல் விளங்கும். நோட்டில் எழுத வேண்டியது சட்டங்கள், நியமனங்கள், தேதிகள் ஆகியவற்றை மட்டுமே.

அடுத்து, ஆட்சியாளரைத் தடுக்கும் அதிகாரம் உள்ள இடங்களுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். நீதிமன்றத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அங்கே நடப்பது பெரும்பாலும் அலுப்பூட்டும் நிர்வாகச் சீர்திருத்தம் போலவே தோன்றும். வெனிசுவேலாவில் 2004இல் ஒரு சட்டத்தின் மூலம் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கை 20இலிருந்து 32 ஆக்கப்பட்டது. புதிய இடங்கள் ஆளுந்தரப்புக்கு இசைவானவர்களால் நிரம்பின. ஹங்கேரியில் அரசியல் சாசன நீதிமன்றம் 11 பேரிலிருந்து 15 பேராக விரிந்தது. அத்தோடு, நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து ஒரேயடியாக 62க்கு இறக்கப்பட்டது. பொதுமக்களின் ஓய்வு வயதை 65 நோக்கி உயர்த்திக்கொண்டிருந்த அதே அரசு, நீதிபதிகள் மட்டும் சீக்கிரம் களைத்துவிடுவார்கள் என்று கருதியது போலும்! இருநூறுக்கும் மேற்பட்ட நீதிபதிகளைத் தொட்ட இந்த மாற்றம் சட்டவிரோதமானது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் பல இடங்களில் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டார்கள்.

நீதிமன்றத்தை விரிவாக்கும் ஆசை இந்த இருவருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1937இல் ஒன்பது பேர் கொண்ட உச்ச நீதிமன்றத்தைப் பதினைந்து பேர் வரை பெருக்க முயன்றார். செனட்டில் மிகப் பெரும்பான்மை வைத்திருந்த அவருடைய சொந்தக் கட்சியினரே அதைக் கைவிடச் செய்தார்கள். ஆகவே தலைவர் எதைக் கேட்டார் என்று எழுதும் வரிக்குப் பக்கத்திலேயே, அவர் கட்சிக்குள் ‘முடியாது’ என்று சொன்னவர் எவர், சொன்ன பிறகு அவர் கதி என்ன என்பதையும் எழுதுங்கள். அந்தக் கட்டம் ஆண்டுக்கணக்கில் காலியாகவே இருந்தால், நீதிமன்றச் செய்தியைவிட அது பெரிய செய்தி.

மூன்றாவதாக ஊடகம். நான் வழுக்கி விழுந்த இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2007 மே மாதம் வெனிசுவேலாவின் பழம்பெரும் தொலைக்காட்சியான ஆர்சிடிவியின் ஒளிபரப்பு உரிமத்தைச் சாவேஸ் அரசு புதுப்பிக்காமல் விட்டது. அந்த அலைவரிசை ஓர் அரசுத் தொலைக்காட்சிக்குப் போனது. இடதுசாரி நண்பர்கள் சூழ வளர்ந்த எனக்கு அன்று அது நியாயமாகவே பட்டது. 2002 ஏப்ரலில் சாவேஸைக் கவிழ்க்க நடந்த இராணுவச் சதிக்கு அந்தத் தொலைக்காட்சி துணைபோனது உண்மை. சதி தோற்று அவர் திரும்பியபோது, தெருவில் நடந்ததைக் காட்டாமல் கார்ட்டூன்களையும் சினிமாவையும் ஓட்டியதும் உண்மை. அப்படிப்பட்டவர்களுக்கு உரிமம் எதற்கு என்று நானே வாதாடியிருக்கிறேன். பின்னால்தான் ஒரு செய்தி உறைத்தது. 2002இல் ஏறத்தாழ அதே போக்கில் நடந்துகொண்ட வெனெவிசியோன் என்ற தனியார் தொலைக்காட்சி, இடைப்பட்ட காலத்தில் அரசின் மீதான விமர்சனத்தைத் தணித்துக்கொண்டது. 2007இல் அதன் உரிமம் புதுப்பிக்கப்பட்டது. எனவே தண்டனை சதிக்காக அன்று, அடங்க மறுத்ததற்காக. இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட சோதனை: ஓர் அரசு தன் எதிரியைத் தண்டிக்கும்போது, அதே குற்றம் செய்து பிறகு நண்பரானவருக்கு என்ன நடந்தது என்று தேட வேண்டும்.

ஹங்கேரியில் வேலையைப் பணம் செய்தது. முன்னணி எதிர்ப்பு நாளேடான நேப்சபட்சாக் 2016 அக்டோபரில் அதன் உரிமையாளரால் திடீரென நிறுத்தப்பட்டது. நட்டம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. 2018 நவம்பரில் ஓர்பானுக்கு நெருங்கிய தொழிலதிபர்கள் நானூறுக்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்கு இலவசமாக எழுதிக்கொடுத்தார்கள். சந்தைப் போட்டி ஆணையம் தலையிட முடியாதபடி, அந்த இணைப்பு தேச முக்கியத்துவம் வாய்ந்தது என்று அரசு அறிவித்தது. அங்கே இதற்காக எந்த ஆசிரியரையும் சிறையில் அடைக்கத் தேவைப்படவில்லை. தணிக்கை அதிகாரியை மட்டும் தேடுகிறவர் கண்ணில் இது படாது. விளம்பரப் பணம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்க்கிறவர் கண்ணில் படும்.

பணத்தோடு சோற்றையும் சேர்த்துப் பாருங்கள். வெனிசுவேலாவில் 2017இல் வந்த ‘தாயக அட்டை’ உணவுப் பெட்டி உள்ளிட்ட அரசு உதவிகளைப் பெறப் பயன்பட்டது. 2018 அதிபர் தேர்தலன்று வாக்குச்சாவடிகளுக்கு அருகே ஆளுங்கட்சியினர் பந்தல் போட்டு உட்கார்ந்து, வாக்களித்தவர்களின் அட்டையைப் பதிந்துகொண்டார்கள். உணவுப் பெட்டிக்கும் வாக்குக்கும் தொடர்பு உண்டு என்று எவரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

தேர்தலை ஆராயும்போது, ‘கள்ள ஓட்டு விழுந்ததா’ என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். ஹங்கேரியில் வாக்கு பெருமளவில் ஒழுங்காகவே எண்ணப்பட்டது. மாற்றப்பட்டது ஆட்ட விதி. நாடாளுமன்ற இடங்கள் 386இலிருந்து 199 ஆகக் குறைந்தன, தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டன, வென்றவரின் உபரி வாக்குகளுக்கும் கூடுதல் பயன் கிடைக்கும்படி விதி எழுதப்பட்டது. 2014இல் சுமார் 45 விழுக்காடு வாக்கு வாங்கிய ஓர்பான் தரப்புக்கு 133 இடங்கள், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, கிடைத்தன. வெனிசுவேலாவின் கதை நேர்மாறு. அங்குள்ள வாக்குப்பதிவு இயந்திரம் வாக்குப்பதிவு முடிந்ததும், கடைப் பில்லைப் போன்ற நீண்ட தாளில் வேட்பாளர்வாரியாக வாக்குகளை அச்சடித்துத் தரும். அதில் முகவர்கள் கையொப்பமிடுவார்கள், ஆளுக்கொரு பிரதி எடுத்துச் செல்வார்கள். 2024 ஜூலை 28 தேர்தலில் மதுரோ சுமார் 51 விழுக்காட்டுடன் வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது, ஆனால் சாவடிவாரியான கணக்கை வெளியிடவில்லை. எதிர்க்கட்சி முகவர்கள் சேர்த்த தாள்கள், மொத்தத்தில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல், பொதுவெளியில் வைக்கப்பட்டன. அவற்றின்படி எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலஸ் பெரும் வித்தியாசத்தில் முன்னிலையில் இருந்தார். அரசியல்வாதிகள் இருவர் மாறி மாறிப் பேசும்போது யார் தாளைக் காட்டுகிறார், யார் காட்ட மறுக்கிறார் என்று பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒரே அளவு என்று ஆகிவிடாது. வெனிசுவேலாவில் மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்திருப்பதாக நம்ப நியாயமான காரணம் உண்டு என்று ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2020இல் கூறியது. ஹங்கேரியைப் பற்றி அப்படி எவரும் கூறவில்லை. முறைகளின் ஒற்றுமையை ஒரு பக்கத்திலும், கொடுமையின் அளவை வேறொரு பக்கத்திலும் எழுதுங்கள். கலந்தால் கணக்கு கெடும்.

கடைசிப் படி தேதிகளை வரிசைப்படுத்துவது. குறிப்பாக, ஆட்சியாளர் எதிலாவது தோற்ற நாளைக் குறித்துவிட்டு, அதற்கடுத்த சில வாரங்களைப் பாருங்கள். 2015 டிசம்பர் 6 அன்று வெனிசுவேலா எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தில் 167இல் 112 இடங்களை வென்றன. புதிய சபை கூடும் முன்பே, விடைபெற வேண்டிய பழைய சபை அதே மாதத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு 13 நீதிபதிகளை நியமித்தது. மாத இறுதியில் அந்த நீதிமன்றம் எதிர்க்கட்சி உறுப்பினர் மூவரின் பதவியேற்பைத் தடுத்தது, மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை போயிற்று. நம் நாட்டிலும் இதே வரிசையை எழுதிப்பார்க்கலாம்: 1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஜூன் 25 நள்ளிரவை ஒட்டி நெருக்கடி நிலை வந்தது, ஆகஸ்டில் பிரதமரின் தேர்தல் வழக்கை நீதிமன்றத்துக்கு எட்டாததாக்கும் 39ஆவது திருத்தம் வந்தது, 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. இந்திரா அரசை இந்தியப் பொதுவுடைமைக் கட்சி ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் ஆர்.எஸ்.எஸ்ஸும் தத்தம் காரணங்களுக்காக எதிர்த்தன. இடது, வலது என்ற இரண்டு பெட்டிக்குள் இதை எங்கே வைப்பது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தேதிகளுக்கு எதிர்ப்பக்கத்தை நான் எப்போதும் காலியாக விடுவேன். சந்தேகத்துக்கு எதிரான சான்றுகளுக்கு உரிய பக்கம் அது. சாவேஸ் 2007 டிசம்பரில் அரசியல் சாசன வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்றபோது அதை ஒப்புக்கொண்டார் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. 2009 பிப்ரவரியில் பதவிக்கால வரம்பை நீக்கும் கேள்வி மீண்டும் வாக்குக்கு விடப்பட்டது என்பது இந்தப் பக்கத்தில் இருக்கிறது. 1977 மார்ச்சில் இந்திரா காந்தி தேர்தல் நடத்தினார், தோற்றார், பதவியை விட்டு இறங்கினார் என்பதும் அந்தப் பக்கத்தில்தான்.