பழைய லாரி இன்ஜினில் ‘டிக் டிக்’ சத்தம்: டேப்பெட் கவரைக் கழற்றும் முன்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் தைலமரமும் ஆத்தங்குடிக் கல்லும் ஏற்றி ஓடும் பழைய லாரிகளில் அடிக்கடி வரும் புகார் இது: ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) புதிதாக ஒரு ‘டிக் டிக்’. கேட்ட மாத்திரத்தில் “டேப்பெட் அடிக்குது” என்று சொல்லிவிடுவார்கள்; அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிவிட்டது என்று. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எக்ஸாஸ்ட் லீக், ஏர் கம்ப்ரஷர், நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனி) மூன்றும் ஏறக்குறைய இதே சத்தத்தைத் தரக்கூடியவை. கழற்றாமல் பார்க்க முடிந்ததை எல்லாம் முதலில் பார்த்துவிட்டு, கடைசியில் டேப்பெட்டுக்கு வாருங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்பு வைத்த பழைய டீசல் இன்ஜின்களுக்கு மட்டும்.

தேவையானவை: ஃபில்லர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டடி நீள இரும்புக் கம்பி அல்லது நீளமான ஸ்க்ரூ டிரைவர், ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ், 13, 14, 17, 19 ஸ்பேனர்கள், டார்ச், செல்போன். வேட்டியோடும் தோளில் துண்டோடும் ஃபேன் பக்கம் குனியாதீர்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர் நியூட்ரல்.

படி 1: இடம்

செட்டிநாட்டு வீதிகளில் இருபுறமும் நீள மதில்கள். அங்கே நிறுத்திக் கேட்டால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, இன்ஜினின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஊருணிக் கரை, களம் போன்ற திறந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். வண்டி ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு இதையே திருப்பிப் போடலாம்: கண்ணாடியை இறக்கிவிட்டு, மதிலை ஒட்டி மெதுவாக ஓட்டினால் நன்றாகக் கேட்கும்.

படி 2: ஆயில்

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். குறைவாக இருந்தால் நிரப்பிவிட்டு மீண்டும் கேளுங்கள்; சில சமயம் வேலை இதோடு முடியும். ஊற்றாமலே அளவு கூடியிருந்து, ஆயிலில் டீசல் வாசம் அடித்தால், டீசல் எங்கோ கசிந்து சம்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகளுக்கு நடுவே படலம் நிற்காது. காரணத்தைக் கண்டுபிடித்து, ஆயிலை மாற்றும் வரை அந்த இன்ஜினை ஓட்டாதீர்கள்.

சூடான இன்ஜினில் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் அடுத்த படிகள் வேண்டாம். உடனே நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வேறு கேஜ் மாட்டிப் பார்த்த பிறகு சொல்லலாம்.

படி 3: சத்தத்தின் கணக்கு

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும். ஐடில் 600 ஆர்.பி.எம். என்றால் ஒரு வால்வு நொடிக்கு 5 முறை திறந்து மூடும். கிராங்க் 10 முறை சுற்றும். காதால் இதை எண்ணுவது சிரமம். செல்போனில் பத்து நொடி பதிவு செய்து, அலைவடிவம் காட்டும் ஆப்பில் போட்டால் மேடுகளை எண்ணிவிடலாம். நொடிக்கு 5 வந்தால் வால்வு, நாசில், எக்ஸாஸ்ட் லீக் மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். 10 வந்தால் கிராங்க், ஃப்ளைவீல், முன்பக்க புல்லி. இரண்டிலும் அடங்காமல் தனித் தாளத்தில் வந்தால் பெல்ட்டில் ஓடும் ஏதோ ஒன்று.

கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் பிரச்சினை கிளட்ச், ஃப்ளைவீல் பக்கம். இன்ஜினைத் திறக்க வேண்டியதில்லை.

படி 4: பெல்ட்டும் கம்ப்ரஷரும்

பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம், வாட்டர் பம்ப் சுற்றாது. சத்தம் நின்றால் டைனமோ, வாட்டர் பம்ப், ஃபேன் ஆகியவற்றின் பேரிங்குகளைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

ஏர் பிரேக் வண்டியில் கம்ப்ரஷரை மறந்துவிடக் கூடாது. டேங்க் நிறைந்து அன்லோடர் (அழுத்தம் கூடாமல் பார்த்துக்கொள்ளும் வால்வு) ‘புஸ்’ என்று காற்றை விடும் நேரத்தைக் கவனியுங்கள். அந்த நொடியிலிருந்து டிக் குறைந்து, பிரேக்கை நாலைந்து முறை மிதித்துக் காற்றை இறக்கியதும் திரும்பி வந்தால், கம்ப்ரஷரின் ரீட் வால்வு அல்லது பேரிங்தான். இதைப் பார்க்காமல் டேப்பெட்டை மூன்று முறை அட்ஜஸ்ட் செய்துவிட்டு, சத்தம் போகவில்லை என்று ஹெட்டையே இறக்குபவர்களும் உண்டு.

படி 5: எக்ஸாஸ்ட் லீக்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் பலமாக வந்து, இன்ஜின் சூடேறியதும் குறைகிற டிக் என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். மேனிஃபோல்டு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால் சத்தம் தணிகிறது. டார்ச் அடித்து, ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள். ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் நகர்த்துங்கள். லீக் உள்ள இடத்தில் ‘டப் டப்’ என்று காதில் அடிக்கும். இதை இன்ஜின் சூடாகும் முன்பே முடித்துவிடுங்கள், கை சுடாது.

ஸ்டட் ஒடிந்திருந்தால் அதைத் திருகி எடுக்கப் போராடாமல் லேத் ஆளிடம் விடுவது நல்லது. துளை பாழானால் செலவு பல மடங்கு. கேஸ்கெட் மாற்றும்போது மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்கேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்ததைச் சீவாமல் மாட்டினால் புது கேஸ்கெட்டும் ஊதிவிடும்.

படி 6: கம்பியும் சிலிண்டர் கட்டும்

கம்பியின் ஒரு முனையைக் காதுக்கு முன்னுள்ள எலும்பில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரே, ஒரே மாதிரியான இடத்தில் வையுங்கள். மேலே, டேப்பெட் கவர் மீது பலமாகக் கேட்டால் வால்வு பக்கம். இன்ஜெக்டர் மேல் என்றால் நாசில். கீழே பிளாக்கின் பக்கவாட்டில் என்றால் பிஸ்டன், பேரிங். ஒரே இடத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டீசல் இன்ஜின் எங்கே தொட்டாலும் சத்தம் போடும். எல்லாச் சிலிண்டரையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்து, ஐடிலில் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, அந்தச் சிலிண்டரைக் கட் செய்து, அதாவது அதற்கு டீசல் போகாமல் நிறுத்திப் பார்க்க வேண்டும். நட்டின் மேல் துணி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி அணியுங்கள், சீறும் டீசல் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் அது அவசர சிகிச்சைக்கு உரியது. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும்.

கட் செய்ததும் சத்தம் அடியோடு நின்றால் நாசில் மேல் சந்தேகம். அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். சத்தமும் கூடவே போனால் உறுதி; பம்பு நாசில் கடையில் கொடுத்து பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது காப்பர் வாஷர் புதிதாக இருக்க வேண்டும். பழைய வாஷரில் ‘சஃப் சஃப்’ என்று கம்ப்ரஷன் கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி ஈரமாகப் படியும். கட் செய்ததும் சத்தம் குறைந்து, ஆனால் நிற்காமல் இருந்தால் பிஸ்டன் அல்லது பிக்கெண்ட் (பிஸ்டன் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்). எந்தச் சிலிண்டரைக் கட் செய்தாலும் மாறாமல் இருந்தால், இப்போதுதான் டேப்பெட் கவர். எக்ஸாஸ்ட் லீக்கும் கட் செய்தால் குறையும் என்பதாலேயே படி 5 முன்னால் வருகிறது.

படி 7: டேப்பெட்

சத்தம் தையல் மெஷின் போல லேசாக, ரேஸ் கொடுத்தால் வேகமாக வரும். இன்ஜின் இரவு முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மத்தியானம் நிறுத்தி ஒரு மணி நேரத்தில் அளந்தால் கணக்குத் தப்பும். காலை வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இன்ஜினின் டேப்பெட் இடைவெளியை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். பழைய டீசல்களில் பெரும்பாலும் இன்லெட் 0.20 முதல் 0.30 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 முதல் 0.50 மி.மீ. வரை இருக்கும். எது இன்லெட், எது எக்ஸாஸ்ட் என்று வரிசையை வைத்து ஊகிக்காமல், மேனிஃபோல்டின் குழாய் எதற்கு நேரே வருகிறது என்று பாருங்கள்.

டீசலை நிறுத்தும் ஸ்டாப் வயரை இழுத்து வைத்துவிட்டு, கிராங்க் நட்டில் கம்பி போட்டுக் கையால் சுற்றுங்கள். 6-ஆம் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் சேர்ந்து ஆடும் இடத்தில், அதாவது எக்ஸாஸ்ட் மூடி இன்லெட் திறக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினால், 1-ஆம் சிலிண்டரின் இரண்டு டேப்பெட்டும் அட்ஜஸ்ட் செய்யத் தயார். பிறகு ஒவ்வொரு முறையும் கிராங்கை மூன்றில் ஒரு பங்கு சுற்று சுற்றுங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4 என்றால், ஆடும் ராக்கர்கள் 6-2-4-1-5-3 என்ற வரிசையில் வரும். நாலு சிலிண்டரில் ஃபயரிங் 1-3-4-2, ஆடுவது 4-2-1-3, ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று.

கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கொஞ்சம் திரும்பும், அதனால் இறுக்கிய பின் மறுபடி அளக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். சத்தத்துக்குப் பயந்து இடைவெளியைக் குறைத்து வைக்கும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அப்படி வைத்தால், சூட்டில் தண்டு நீளும்போது எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் நின்று, விளிம்பு கருகிவிடும். சத்தம் போடும் டேப்பெட்டோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். இறுகிய டேப்பெட் சத்தமே இல்லாமல் ஹெட் வேலை வைக்கும்.

சரியாக வைத்தும் சத்தம் போகவில்லையா? ராக்கரின் நுனி குழிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். குழிக்குக் குறுக்கே கேஜ் பாலம் போல நிற்பதால் அளவு சரியாகக் காட்டும், உண்மையான இடைவெளி அதிகமாக இருக்கும். புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரியும். எல்லா ராக்கருக்கும் ஆயில் வருகிறதா என்று ஐடிலில் பாருங்கள். ஒன்று மட்டும் காய்ந்திருந்தால் ராக்கர் ஷாஃப்டின் துளை அடைபட்டிருக்கிறது. ஒரு வால்வு மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாக இறங்கினால் கேம் தேய்ந்திருக்கலாம். டயல் கேஜ் வைத்து உறுதி செய்யுங்கள். கவரைத் திரும்ப மூடும்போது கேஸ்கெட் கல்லாக இறுகியிருந்தால் புதிது போடுங்கள். இங்கத்துச் செம்மண் புழுதி கசியும் ஆயிலில் ஒட்டி, அடுத்த முறை கவரைத் திறக்கும்போது உள்ளே விழும்.

டிக் என்று ஆரம்பித்தது ‘டொக் டொக்’ என்று கனமாகி, ரேஸை விடும்போது இன்னும் பலமாகக் கேட்டால் அது பிக்கெண்ட். சம்ப் ஆயிலை வடித்து, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டும். பேரிங் உலோகம் ஒட்டாது, வெள்ளி, செம்பு நிறத்தில் ஆயிலில் மினுங்கும். ஏற்றின லோடு இருந்தால் வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போங்கள், ஸ்டார்ட் செய்து அல்ல.