வேர்ட்பிரஸை நிறுவும்போதே நம் விருப்பப்படி அமைத்துக்கொள்வது எப்படி?

இணையதளம் உருவாக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவி முடித்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? 'ஹலோ வேர்ல்ட்' பதிவையும் மாதிரிப் பக்கத்தையும் அழித்துவிட்டு, செட்டிங்ஸுக்குப் போய் நேர மண்டலம், பெர்மாலிங்க் (பதிவுகளின் முகவரி அமைப்பு), கமென்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றுவீர்கள். ஒரே ஒரு தளம் என்றால் பரவாயில்லை, அடிக்கடி தளம் போடுகிறவர்களுக்கு இது ஒவ்வொரு முறையும் வீண் வேலை. இதையெல்லாம் நிறுவும்போதே முடித்துக்கொள்ள வேர்ட்பிரஸே ஒரு வழி வைத்திருக்கிறது, ஆனால் பலரும் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை.

கீழே வரும் ஃபைல் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

முதல் படி, 'டபிள்யூபி-கான்ஃபிக்-சாம்பிள்.பிஎச்பி' ஃபைலை நகலெடுத்து, பெயரில் உள்ள '-சாம்பிள்' என்பதை (முன்னால் உள்ள கோட்டோடு சேர்த்து) நீக்கிவிடுங்கள். டேட்டாபேஸ் விவரங்களை நிரப்பியதும் டேபிள் முன்னொட்டை, அதாவது எல்லா டேபிள் பெயர்களுக்கும் முன்னால் சேரும் எழுத்துகளைப் பாருங்கள். 'டபிள்யூபி_' என்று இருக்கும். ஒரே டேட்டாபேஸில் இரண்டு தளங்கள் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும், எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியம். 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டால்.பிஎச்பி' என்று புது ஃபைல் ஒன்றை உருவாக்குங்கள். நிறுவல் தொடங்கும்போது வேர்ட்பிரஸ் இந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் முதலில் இதைத்தான் படிக்கும். நிறுவலுக்கான ஒரு ஃபங்ஷனை (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதி) நாம் இதில் அதே பெயரில் எழுதியிருந்தால், வேர்ட்பிரஸ் தன்னுடையதை விட்டுவிட்டு நம்முடையதையே எடுத்துக்கொள்ளும். மூல ஃபைல்களில் கை வைக்கத் தேவையில்லை, அதனால் அப்டேட் வந்தாலும் நம் மாற்றம் அழியாது.

சரி, உள்ளே என்ன எழுதுவது? வெறும் தாளில் தொடங்காதீர்கள். 'டபிள்யூபி-அட்மின்' ஃபோல்டருக்குள் 'இன்க்ளூட்ஸ்', அதற்குள் 'அப்கிரேட்.பிஎச்பி'. அதைத் திறந்து 'டபிள்யூபி_இன்ஸ்டால்_டிஃபால்ட்ஸ்' என்று தேடுங்கள். மாதிரிப் பதிவு, பக்கம், கமென்ட், விட்ஜெட் எல்லாவற்றையும் உருவாக்குவது இந்த ஃபங்ஷன்தான். 'ஃபங்ஷன்' என்ற சொல்லில் தொடங்கி அதன் கடைசி அடைப்புக்குறி வரை மட்டும் நகலெடுத்து நம் ஃபைலில் ஒட்டுங்கள், அதற்கு மேலே இருக்கும் 'இஃப்' வரியும் கீழே இருக்கும் 'எண்டிஃப்' வரியும் வேண்டாம். நம் ஃபைலின் முதல் வரியில் பிஎச்பி தொடக்கக் குறி (<?php) இருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு வெற்று வரிகூட இருக்கக் கூடாது.

இப்போது வேண்டாத பகுதிகளை வெட்டுங்கள். ஆனால் ஃபங்ஷனின் மேல்பகுதியில், பதிவுகளுக்கான வகையை (கேட்டகரி) உருவாக்கும் பகுதியைத் தொடாதீர்கள்! நான் முதல் தடவை ஃபங்ஷனை முழுக்கக் காலியாக்கிவிட்டேன். தளம் அழகாக வந்தது, பதிவு போட்டால் மட்டும் எந்த வகையிலும் சேரவில்லை. காரணம் புரிய ஒரு மாலை முழுவதும் போய்விட்டது. இயல்பு வகை எண் 1 என்று செட்டிங்ஸில் பதிந்திருக்கிறது, அந்த எண்ணில் வகையே இல்லை. வகையின் பெயரை மாற்றிக்கொள்ளலாம், வகை இருந்தாக வேண்டும்.

அப்புறம் ஃபங்ஷனின் முடிவில், செட்டிங்ஸை மாற்றும் 'அப்டேட்_ஆப்ஷன்' வரிகளைச் சேருங்கள். 'டைம்சோன்_ஸ்ட்ரிங்' என்பதற்கு உங்கள் நேர மண்டலம், கமென்ட் வேண்டாம் என்றால் 'டிஃபால்ட்_கமென்ட்_ஸ்டேட்டஸ்' என்பதற்கு 'குளோஸ்ட்'. 'பெர்மாலிங்க்_ஸ்ட்ரக்சர்' என்பதையும் இங்கேயே கொடுக்கலாம், ஆனால் நிறுவி முடித்ததும் பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து ஒரு முறை சேமித்துவிடுங்கள், அப்போதுதான் முகவரி விதிகள் ஒழுங்காக எழுதப்படும்.

நேரடியாகத் தளத்தில் வேண்டாம், முதலில் உங்கள் கணினியில் காலி டேட்டாபேஸ் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். பிழை வந்து திருத்தினால், டேபிள்களை எல்லாம் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், இல்லாவிட்டால் 'ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது' என்று சொல்லி நின்றுவிடும்.

எல்லாம் சரியாக வந்ததும் 'இன்ஸ்டால்.பிஎச்பி' ஃபைலைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு ஒரு நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். அங்கேயே விட்டால் பிளக்இன் பக்கத்தில் 'டிராப்-இன்' என்று காட்டிக்கொண்டிருக்கும், பின்னால் அப்டேட் நேரத்திலும் அது படிக்கப்படும்.