அவுட்போர்டு என்ஜினுக்கு எந்த ஆக்டேன் பெட்ரோல்? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகள் டீசலில் ஓடுபவை. அவற்றுக்கு ஆக்டேன் என்ற கேள்வியே எழுவதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கரையோரத்தில் அதிவேகப் படகுக்குப் பெட்ரோல் அவுட்போர்டு என்ஜினை, அதாவது படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் என்ஜினை, புதிதாக வாங்கியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதன்று. சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும்போது, பிளக்கின் தீப்பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேருமுன் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை தானாகவே வெடித்துவிடாமல் தாக்குப்பிடிக்கும் திறனையே அது குறிக்கிறது. அழுத்த விகிதம் கூடிய என்ஜினும், காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜர் பொருத்திய என்ஜினும் கூடுதல் ஆக்டேனைக் கேட்பது இதனால்தான். சாலையில் ஓடும் காருக்கு இறக்கத்திலும் சிக்னலிலும் ஓய்வு கிடைக்கிறது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு முழு வேகத்தில் செல்லும் படகு என்ஜினோ கரை திரும்பும் வரை முழுச் சுமையைச் சுமக்கிறது. கலவை அப்படித் தானாக வெடிக்கும்போது காரில் காதில் விழும் 'நாக்கிங்' என்ற தட்டல் சத்தம், கடலில் காற்றிலும் அலை இரைச்சலிலும் கேட்காமலே போகும். கேட்காத அந்தத் தட்டல்தான் பிஸ்டனின் தலையை அரிக்கிறது.

முதலில் என்ஜினுடன் வந்த கையேட்டைத் திறந்து, எரிபொருள் பற்றிய பக்கத்தில் குறைந்தபட்ச ஆக்டேன் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண் எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்கச் சந்தைக்கு அச்சிடப்பட்ட கையேட்டில், ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் எண்), எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் எண்) என்ற இரண்டு அளவுகளின் சராசரி இருக்கும். நம் நாட்டுப் பங்க்குகளில் சொல்லப்படுவது ஆர்.ஓ.என். மட்டுமே. அந்தக் கையேட்டின் 87 நமக்கு ஏறத்தாழ 91. அதன் 89 நமக்கு 93 அல்லது 94. அதன் 91 நமக்கு 95 அல்லது 96. கையேட்டில் 91 என்று கண்டதும் நம் 91 போதும் என்று முடிவுசெய்தால், என்ஜினுக்குத் தேவையானதைவிட நான்கைந்து எண் குறைவான பெட்ரோலை ஊற்றியவர்களாவோம்.

அடுத்தது பங்க். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற மாசுக்கட்டுப்பாட்டுத் தரத்தில் சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்று இருந்தது. 20 சதவீத எத்தனால் கலந்தபின் அது 95 வரை உயர்ந்துள்ளதாக அரசு கூறுகிறது. எக்ஸ்பி 95, பவர் 95 போன்ற உயர்வகைப் பெட்ரோல்கள் 95. எக்ஸ்பி 100 என்பது 100. கையேடு 91 கேட்கும் என்ஜினுக்கு 100 ஊற்றினால் வேகம் கூடாது. அந்தப் பணத்தை நல்ல பில்டருக்குச் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் மிகவும் இறங்கிவிடும் என்பதால், சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே வடிதாள் சோதனை கேளுங்கள். வாடிக்கையாளருக்கு அந்த உரிமை உண்டு. தாளில் விட்ட சொட்டு இரண்டு நிமிடங்களில் கறை இல்லாமல் உலர வேண்டும்.

மூன்றாவதாக எத்தனால். இதில் நான் சற்றுக் கடுமையாகவே இருப்பேன். பல அவுட்போர்டுகளின் கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்கின்றன. எத்தனால் ஆக்டேனை உயர்த்துகிறது என்பது உண்மை. ஆனால் அது தண்ணீரை ஈர்க்கும். நம் கடற்கரையின் ஈரக்காற்றில், பாதி நிரம்பிய டேங்க்கில் தண்ணீர் சேர்ந்து அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகி அடியில் இறங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோல், எத்தனால் தந்த ஆக்டேனை இழந்து நிற்கும். 95 என்று வாங்கியது டேங்க்கிலேயே 95 இல்லாமல் போவது இப்படித்தான்.

கலப்பின் அளவை நீங்களே பார்க்கலாம். நெருப்பும் பீடியும் இல்லாத திறந்தவெளியில், 100 மி.லி. அளவுக் கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீரும் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, சில நிமிடங்கள் அசையாமல் வையுங்கள். எத்தனால் இல்லையென்றால், அடியில் தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் இடையே தெரியும் கோடு 10இலேயே நிற்கும். 20 சதவீதம் இருந்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துவிடுவதால், 28ஐ ஒட்டி ஏறியிருக்கும். கையேட்டின் வரம்பைத் தாண்டினால், எத்தனால் குறைந்த பெட்ரோல் எந்தப் பங்க்கில் கிடைக்கும் என்று விசாரித்து, அதற்குப் பிறகு ஆக்டேனைப் பாருங்கள்.

டேங்க்குக்கும் என்ஜினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் பில்டரைப் பொருத்தி, அதன் கிண்ணத்தில் அடியில் உருண்டு நிற்கும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் வடித்துவிடுங்கள். படகு நிற்கும் நாட்களில் டேங்க்கை ஏறத்தாழ நிரப்பி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழையதான பெட்ரோலை நம்ப வேண்டாம்.

கடைசியாக, புதிய பெட்ரோலில் சில மணி நேரம் ஓட்டியபின், என்ஜின் நன்றாக ஆறியதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் நிறம் வெளிர்பழுப்பாக இருந்தால் தொடரலாம். அதன் மேல் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துகள்களோ ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்தது; அந்த என்ஜினை அன்று மீண்டும் முழு வேகத்தில் ஓட்டாமல், டேங்க்கை முழுவதும் வடித்து, உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் நிரப்பி, பிளக் தீப்பொறி விடும் பற்றவைப்பு நேரத்தையும் மெக்கானிக்கிடம் சரிபார்த்த பிறகே கடலுக்குக் கொண்டுசெல்லுங்கள்.