விசில் அடிக்காத குக்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஆயர் ஈத்தாமில், அண்ணி வீட்டில் இருந்தோம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அங்கேதான் சாப்பாடு. புதிதாக வாங்கிய மின்சார பிரஷர் குக்கரில் சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. 'பீப்' சத்தம் கேட்டதும் அண்ணி வந்து மூடியில் ஆவியை வெளியே விடும் வால்வைத் திருப்பினார். முதலில் வெறும் ஆவி. இரண்டு மூன்று நொடிக்குள் மஞ்சள் நுரை பீய்ச்சிக்கொண்டு மேலே கேபினட் கதவு வரை தெறித்தது. அவர் மணிக்கட்டிலும் பட்டுவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பல வருஷமாக வீட்டில் எல்லாருக்கும் சமைத்துப் போடுகிறவர் அவர். கவனம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அடுப்பில் வைக்கும் குக்கருக்குப் பழகிய கை, அவ்வளவுதான். மூன்று விசில் வந்தால் அணை என்று காதை வைத்தே சமைத்துப் பழகிவிட்டோம். மின்சார குக்கர் விசில் அடிக்காது. உள்ளே அழுத்தம் முழுதாக இருக்கும்போதும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். 'பீப்' என்றால் வேகும் நேரம் முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம், திறக்கலாம் என்று அல்ல.

அதனால் முதலில் மூடியைப் பாருங்கள். பெரும்பாலான குக்கர்களில் வால்வுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஓர் உலோகக் குமிழ் இருக்கும். அழுத்தம் ஏறினால் அது மேலே எழும்பி மூடியைப் பூட்டிக்கொள்ளும். அது தானாகக் கீழே இறங்கிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். இறங்கிய பிறகும் மூடி இறுக்கமாக இருந்தால் இழுத்துப் பார்க்காதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். பருப்பு நுரை காய்ந்து ஒட்டினால் இந்தக் குமிழ் சரியாக ஏறி இறங்காது. ஒவ்வொரு முறை கழுவும்போதும் விரலால் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் ஆட வேண்டும்.

அன்று நுரை ஏன் அப்படிப் பீய்ச்சியது? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் 110, 115 டிகிரி வரை சூடேறியும் தண்ணீர் அடங்கிக் கிடக்கிறது. வால்வைச் சட்டென்று திறந்தால் அழுத்தம் சரிந்து, பானையில் உள்ள அவ்வளவும் ஒரே நேரத்தில் கொதித்து எழும்பும். பருப்பு, கொண்டைக்கடலை, கஞ்சி, ஜவ்வரிசிப் பாயசம் எல்லாம் நுரைக்கிற சாமான்கள். இவற்றை வேக வைத்தால் வால்வைத் தொடாமல் 15, 20 நிமிஷம் விடுங்கள். அப்புறம் மரக்கரண்டியின் காம்பால் தள்ளித் திருப்புங்கள். முகமும் கையும் வால்வுக்கு மேலே வரக்கூடாது. ஆவியோடு நுரை வந்தால் உடனே வால்வை மூடிவிட்டுக் காத்திருங்கள். காய்கறிக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

விசேஷ நாளில் பானையை நிறைப்பது அடுத்த தவறு. எதைச் சமைத்தாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக்கூடாது. பருப்பு, கடலை, அரிசி என்றால் பாதிதான். ஆறு லிட்டர் குக்கரில் தண்ணீரையும் சேர்த்து மூன்று லிட்டர். இருபது பேருக்கு வேண்டுமென்றால் இரண்டு தடவையாக வையுங்கள். நேரம் ஆகும்தான், ஆகட்டும்.

அடுப்பு குக்கரைத் தொட்டிக்குத் தூக்கிப்போய்ப் பைப்புத் தண்ணீரைத் திறந்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மின்சார குக்கரில் அதைச் செய்யவே கூடாது. ஆவி அடிக்கிறதே என்று வால்வின் மேல் துணி போடுவதும் வேண்டாம்.

பிளாட் வீடுகளில் இடம் கிடையாது, உண்மைதான். அதற்காக குக்கரை கேஸ் அடுப்பின் மேல் தூக்கி வைக்காதீர்கள். யாராவது தெரியாமல் அடுப்பைத் திருகிவிட்டால் அடிப்பாகம் உருகிவிடும். மேல் கேபினட்டுக்கு நேர் கீழே வைத்தும் ஆவியைத் திறக்காதீர்கள். பலகை ஊறி உப்பிவிடும், சூடும் திரும்ப நம் பக்கமே வரும்.

உள்பானையை வைக்க மறந்து, அரிசியையும் தண்ணீரையும் நேராகக் குக்கருக்குள் கொட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கும்போது யாருக்கும் நடக்கும். அப்படி ஆனால் முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் காட்டிய பிறகே மறுபடி பயன்படுத்துங்கள். உள்பானையின் அடியைத் துடைக்காமல் ஈரத்தோடு வைப்பதும் தப்பு. சூட்டுத்தட்டில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால்கூடப் பானை சரியாக உட்காராது, ஒரு பக்கம் மட்டும் தீயும்.

மட்டன் பிரட்டலுக்கு மசாலாவை அதே பானையில் வதக்குகிறோம். அடியில் பிடித்ததைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டிய பிறகு மூடுங்கள், இல்லையென்றால் கருகும். கெட்டித் தேங்காய்ப்பாலை மூடியைத் திறந்த பிறகு ஊற்றுவதே நல்லது. சாயங்காலம் வேகட்டும் என்று காலையிலேயே பச்சைக்கறியை உள்ளே போட்டு டைமர் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் அதற்குள் கறி கெட்டுவிடும்.

மூடியின் ரப்பர் வளையத்தை வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றப் பாருங்கள். தளர்ந்து போனாலோ வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். அந்த மாடலுக்கு உரிய வளையமாகவே வாங்குங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று. சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் குக்கரின் பிளக்கில் உருண்டை முள் இருக்கும். நம் சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி, ரெண்டு முள் பிளக்கைச் செருகும் வழக்கம் இங்கே பல வீட்டில் உண்டு. அப்படிச் செருகினால் எர்த் கிடைக்காது. உலோகப் பானையும் தண்ணீரும் சேர்ந்த சாமானுக்கு எர்த்தான் உயிர்க்காப்பு. வயர்மேனைக் கூப்பிட்டு 13 ஆம்பியர் மூன்று முள் பிளக்காக மாற்றுங்கள். 1000 வாட் குக்கர் நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அதே எக்ஸ்டென்ஷனில் 2200 வாட் கெட்டிலையும் போட்டால் கிட்டத்தட்ட 14 ஆம்பியர் ஆகிவிடும், 13 ஆம்பியர் பிளக்குக்கு அது அதிகம். குக்கரை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள்.

அன்று அண்ணி கையில் பட்டதும் வீட்டில் ஒருவர் பற்பசையை எடுத்து வந்தார், இன்னொருவர் கிச்சாப் (சோயா சாஸ்) தடவச் சொன்னார். இரண்டுமே வேண்டாம், ஐஸும் வேண்டாம். வளையலைக் கழற்றிவிட்டு, பைப்புத் தண்ணீரில் முழுதாக 20 நிமிஷம் கையைக் காட்ட வேண்டும். ஐந்து நிமிஷத்திலேயே அண்ணி கையை இழுக்கப் பார்த்தார். நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். கொப்புளம் வந்தால் உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி கிளினிக்குக்குப் போங்கள். முகத்தில் பட்டாலோ குழந்தைக்குப் பட்டாலோ சின்னக் காயம்தானே என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். தண்ணீர் காட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.