மூட்டு வலியோடு உடற்பயிற்சி: உங்களுக்குப் பிடித்ததைக் கண்டுபிடிப்பது எப்படி

மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒரு வாரம் ஓடாமல் நின்றபோதுதான் என் வலது முட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. ஏறும்போது எப்படியோ சமாளித்தேன். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம், எடையைக் குறையுங்கள், தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன உடற்பயிற்சி, எவ்வளவு, வலித்தால் நிறுத்துவதா வேண்டாமா, இதெல்லாம் ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் வந்த இரண்டு வருடங்களில் ஜிம்மில் சேர்ந்து பாதியில் விட்டேன், வீட்டில் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் வாங்கி அதையும் விட்டேன், காலை ஐந்தரை மணி வாக்கிங் தொடங்கி அதையும் விட்டேன். இதில் எதையும் வலியால் விடவில்லை என்பதுதான் விஷயம். எனக்கு அதில் எதுவுமே பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் இதைப் படிக்கிற உங்களுக்கு நான் முதலில் சொல்வது, "முட்டிக்கு எது நல்லது" என்ற கேள்வியில் தொடங்காதீர்கள். எதைச் செய்தால் மறுநாளும் செய்யத் தோன்றும் என்று பாருங்கள், பிறகு அதை உங்கள் மூட்டு தாங்கும்படி மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் மாற்ற முடிகிறது.

ஒரு பயத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்கும் அது இருந்தது. ஏற்கெனவே தேய்ந்த மூட்டு, நடந்தால் இன்னும் தேயாதா? எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும், காலை ஊன்றும்போது அது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜ் தண்ணீரை இழுப்பதுபோல அந்தத் திரவத்தை இழுத்துக்கொள்கிறது. அசையாமல் உட்கார்ந்தால் அதுவும் நடக்காது, தொடைத் தசையும் இளைத்துப்போகும், தசை தாங்க வேண்டிய பாரமும் சேர்ந்து மூட்டின் மேல் விழும். எடை விஷயமும் அப்படித்தான். 2005இல் அமெரிக்காவில் முட்டித் தேய்மானமும் அதிக எடையும் உள்ள பெரியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், உடம்பில் 1 கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைவதாகக் கண்டார்கள். இன்னொன்று, வலி இல்லாமல் முட்டியில் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் சிலர் எதையும் தொடங்கும் முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மூட்டு சிவந்து, தொட்டால் சுட்டு, வீங்கியிருந்தால், கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போங்கள். விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை என்றாலும், முட்டி திடீரென்று பூட்டிக்கொண்டாலும், நடக்கும்போதே கால் வாரிவிட்டாலும் தள்ளிப்போட வேண்டாம். காலையில் எழுந்தால் விரல், மணிக்கட்டு எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பாகவே இருக்கிறது என்றால் அது வெறும் தேய்மானம் இல்லாமல் முடக்குவாதமாக, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோயாக இருக்கலாம். தேய்மான விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் உடற்பயிற்சி நல்லதுதான், ஆனால் மூட்டு கொதிக்கிற நாட்களில் கை காலை மெதுவாக மடக்கி நீட்டுவதோடு விட்டுவிட வேண்டும்.

உங்களுக்கு என்ன பிடிக்கும்?

பத்து வயதில் எதில் நேரம் போனதே தெரியாமல் இருந்தீர்கள்? கிணற்றில் குதித்ததா, பாண்டி ஆடியதா, கோலாட்டமா, சைக்கிளில் ஊர் சுற்றியதா? தனியாக இருக்கப் பிடிக்குமா, பேச ஆள் வேண்டுமா? பாட்டு வேண்டுமா, அமைதி வேண்டுமா? யாராவது சொல்லிக் கொடுத்தால் வேகமாக வருகிறதா, இல்லை கோபம் வருகிறதா? எனக்குப் பேச்சுத் துணை இல்லாமல் ஓடாது, அதனால்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு மிதிக்கிற சைக்கிள் மூன்று வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. எங்கள் கீழ் வீட்டு மாமாவுக்கு நேர் எதிர். அதே மாதிரி சைக்கிளில் உட்கார்ந்து காதில் கச்சேரியை மாட்டிக்கொண்டால் ஒரு ராகம் முடியும்வரை இறங்க மாட்டார்.

மும்பையில் இன்னொரு கேள்வியும் உண்டு, எவ்வளவு தூரம்? லோக்கல் ரயில் பிடித்து, ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கிப் போக வேண்டிய இடம் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் வேண்டாம். சமதளத்தில் நடப்பதைவிடப் படி ஏறி இறங்குவதுதான் முட்டிக்குப் பெரிய பாரம், பயிற்சிக்குப் போகும் முன்பே அன்றைய பங்கை அந்தப் பாலம் எடுத்துக்கொண்டுவிடும். வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு விதியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

தண்ணீர்

என்னைக் காப்பாற்றியது தண்ணீர்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் கிட்டத்தட்டப் பாதிதான் காலில் இறங்கும், நெஞ்சளவுக்குப் போனால் சுமார் மூன்றில் ஒரு பங்கு. நீச்சல் தெரிய வேண்டும் என்றே இல்லை, சும்மா நடந்தால் போதும்.

முதல் நாள் நான் குளத்தின் ஓரக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆராம் ஸே, ஆன்ட்டி, ஆராம் ஸே" (மெதுவாக, மெதுவாக) என்று அந்தப் பயிற்சியாளர் பையன் பக்கத்திலேயே நடந்து வந்தான். ஒரு கையை எடுத்தேன், பத்து அடி வைத்தேன், திரும்பினேன். அப்போதுதான் வலது காலை ஊன்றும்போது முகம் சுருங்கவே இல்லை என்பதைக் கவனித்தேன், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இரண்டு காலும் ஒரே மாதிரி நடந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது, குளத்துத் தண்ணீரோடு போயிற்று. இப்போது வாரத்தில் மூன்று நாள் நாங்கள் நான்கு பேர் நெஞ்சளவு தண்ணீரில் பேசிக்கொண்டே முன்னால் நடக்கிறோம், பின்னால் நடக்கிறோம், பக்கவாட்டில் நடக்கிறோம், கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்குகிறோம். அரை மணி நேரம் போவதே தெரியவில்லை.

செம்பூரிலும் தாதர் சிவாஜி பார்க் பக்கத்திலும் மாநகராட்சி நீச்சல் குளங்கள் இருக்கின்றன, பல ஹவுசிங் சொசைட்டிகளிலும் சிறிய குளம் இருக்கிறது. பணம் கட்டும் முன் நேரில் போய் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நெஞ்சளவு ஆழம் எந்தப் பக்கம், அங்கே நிற்க விடுவார்களா? இறங்குவதற்குக் கைப்பிடி வைத்த படி இருக்கிறதா, இல்லை செங்குத்தான இரும்பு ஏணி மட்டும்தானா? வலிக்கிற முட்டியோடு அந்த ஏணியில் ஏறி வெளியே வருவது கஷ்டம். மூன்றாவது, உடை மாற்றும் அறையிலிருந்து குளம்வரை தரை எப்படி இருக்கிறது? வழுக்காத ரப்பர் செருப்பு கட்டாயம். நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஒன்று, தவளை மாதிரி காலை விரித்து உதைக்கும் நீச்சல் முட்டியின் உள்பக்கத்தை முறுக்கும், முட்டி வலி இருந்தால் மல்லாந்து நீந்துங்கள் அல்லது ஃப்ரீஸ்டைல் நீந்துங்கள். தோள் வலி என்றால் ஃப்ரீஸ்டைலைத்தான் தவிர்க்க வேண்டும்.

நடை, ஆட்டம், யோகா

நடக்கப் பிடித்தவர்கள் நடக்கலாம், ஆனால் ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் வேண்டாம். பதினைந்து பதினைந்து நிமிடமாக மூன்று வேளை நடந்தாலும் கணக்கு ஒன்றுதான். மாதுங்கா பக்கம் இருப்பவர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா கிடைத்தது கொடுப்பினை, நிழலும் இருக்கிறது, இடையில் உட்கார இடமும் இருக்கிறது. சிவாஜி பார்க்கைச் சுற்றியிருக்கும் கட்டையை (உட்காருகிற குட்டைச் சுவர்) ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், வலித்தால் எந்த இடத்திலும் அந்தக் கட்டையிலேயே உட்காரலாம். உட்கார இடம் இருக்கும் பாதைதான் மூட்டு வலிக்காரர்களுக்குச் சரியான பாதை. ஜுஹு மணலில் நடப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காய்ந்த மணலில் கணுக்கால் ஆடும், ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே இருக்கும். கைத்தடி தேவைப்பட்டால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், வலது முட்டி வலித்தால் இடது கை. நிறையப் பேர் இதை மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

சைக்கிள் பிடிக்கும் என்றால் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும், இருக்கை தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அதிகமாக மடங்கி முன்பக்கம் வலிக்கும்.

ஆடப் பிடித்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். நவராத்திரியில் நம் வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் முடித்துவிட்டு எதிர் சொசைட்டி கர்பா ஆட்டத்துக்குப் போகிறவர்கள் இங்கே எத்தனை பேர்! குதிக்கிற அடியையும், ஊன்றிய கால்மேலேயே சுழல்கிற அடியையும் விட்டுவிட்டு, நான்கு சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்புங்கள். வெறுங்காலில் ஆடாமல் மெத்தென்ற ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கோலாட்டம் இன்னும் சுலபம், வேகம் நம் கையில் இருக்கிறது. பரதநாட்டியம் கற்றவர்கள் அரைமண்டியை ஆழமாக உட்காராமல் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். மெதுவான அசைவு பிடிக்கும் என்றால் தாய் ச்சி என்ற சீனப் பயிற்சியைக் கற்றுத் தருகிறவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பாஸ்டனில் முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், 12 வாரம் தாய் ச்சி செய்தவர்களுக்கும் பிசியோதெரபி எடுத்தவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது.

யோகாவில் வஜ்ராசனம், பத்மாசனம், குந்தி உட்காரும் ஆசனங்கள் மூன்றும் முட்டிக்கு ஆகாது, "பழகினால் சரியாகிவிடும்" என்று அழுத்துகிற ஆசிரியர் வேண்டவே வேண்டாம். பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் நாற்காலி, கட்டை, கயிறு, போர்வை எல்லாம் வைத்து உடம்புக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவார்கள், மூட்டுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது பொருத்தம்.

விரல் மூட்டு வலிக்கிறவர்கள் டம்பெல்லை இறுகப் பிடிக்காமல் மணிக்கட்டில் கட்டும் எடையைப் பயன்படுத்தலாம். தோள் வலி என்றால் நடையும் சைக்கிளும் தாராளமாகச் செய்யலாம்.

எவ்வளவு, எப்போது நிறுத்துவது

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசை வலுவுக்கு. மிதம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஆனால் முதல் வாரமே 150ஐத் தொட நினைக்காதீர்கள். நான் ஒரு நாளைக்கு எட்டு நிமிடத்தில் தொடங்கினேன்.

வலிக்குப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை மார்க் போடுங்கள். பயிற்சியின்போது மூன்றுவரை போனால் தொடரலாம். முடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், தொடங்கும் முன் இருந்ததைவிட அதிகம் வலித்தாலோ, மறுநாள் காலை மூட்டு வீங்கியிருந்தாலோ அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். நேரத்தைத்தான் குறைக்கச் சொல்கிறேன், பயிற்சியை விடச் சொல்லவில்லை. பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே அந்த மார்க்கையும் எழுதிவிட்டால் இரண்டே வாரத்தில் உங்கள் மூட்டுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு வாரம் முடிந்ததும் "நாளைக்குப் போகணுமா" என்று மனம் இழுத்தால் வேறொன்றை முயலுங்கள், அதில் தப்பே இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தொடைத் தசைக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, இரண்டு தலையணை வைத்து உயர்த்தி, கையை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருங்கள், பத்து முறை. சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். நான் குக்கர் வைத்துவிட்டு மூன்று விசில் வருவதற்குள் இதை முடித்துவிடுவேன். இரண்டாவது தலையணையை எடுக்க எனக்கு நான்கு மாதம் ஆனது, படி இறங்குவதில் வித்தியாசம் தெரிந்ததும் அப்போதுதான்.

கடைசியாக மழை. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மும்பையில் வெளியே செய்கிற எதுவும் நின்றுவிடும், நடைபாதையில் பாசி பிடித்துவிடும், ஒரு மாதம் விட்டால் மூட்டு பழைய விறைப்புக்குப் போய்விடும். அதனால் மே மாதத்திலேயே மழைக்காலத்துக்கு ஒன்றை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடத்தில் நாங்கள் மூன்றாவது மாடி வராந்தாவில் நடக்கிறோம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 42 அடி. மாலை ஆறு மணிக்கு எதிர் வீட்டு மாமி கதவைத் திறந்துவைத்துப் பழைய பாட்டைப் போட்டுவிடுவார், ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்வோம்.