ஏலக்காய் விலையும் முடிவிலியும்: நம்பை அரேயைச் சரிபார்ப்பது எப்படி

குமுளி, கம்பம் பக்கம் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களிடம் ஏலக்காய் விலை ஃபைல் ஒன்றாவது இருக்கும். புத்தடி, போடி ஏல விலைகளைத் தேதிவாரியாகப் போட்டு, தினமும் எவ்வளவு ஏறி இறங்கியது என்று பைத்தானில் கணக்குப் பார்த்து, கடைசியில் சராசரி கேட்டால் 'இன்ஃப்', அதாவது முடிவிலி, என்று வந்து நிற்கும். ஏலம் இல்லாத நாளுக்கு விலை 0 என்று பதிந்திருப்பார்கள், மறுநாள் மாற்றத்தை முந்தைய நாள் விலையால், அதாவது 0-ஆல், வகுப்பதுதான் காரணம்.

எண் கணக்குகளுக்கான பைத்தான் நூலகமான நம்பையை 'என்பி' என்ற பெயரில் இம்போர்ட் செய்து, தினசரி மாற்றத்தை 'மாற்றம்' என்ற அரேயில் (எண் வரிசையில்) வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இது:

என்பி.ஐஸ்இன்ஃப்(மாற்றம்).எனி()

ட்ரூ வந்தால் உள்ளே முடிவிலி இருக்கிறது. '== என்பி.இன்ஃப்' என்று ஒப்பிட வேண்டாம், மைனஸ் முடிவிலி தப்பித்துவிடும்.

இனிதான் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். விலை 2400, 0, 0, 2450 என்று இருக்கட்டும். முதல் மாற்றம் -1. அடுத்தது 0-ஐ 0-ஆல் வகுப்பது, அதனால் நேன், அதாவது 'எண்ணே இல்லை'. மூன்றாவதுதான் இன்ஃப். ஐஸ்இன்ஃப் மூன்றாவதை மட்டும் பிடிக்கும், நேனைக் கண்டுகொள்ளாது. அதனால் நான் எப்போதும் ஐஸ்ஃபைனைட்டைத்தான் பயன்படுத்தச் சொல்வேன், அது சாதாரண எண்ணா என்று பார்க்கும், முன்னால் '~' போட்டால் 'இல்லை' என்று திருப்பிவிடும், இரண்டும் ஒரே வரியில் மாட்டும்:

என்பி.வேர்(~என்பி.ஐஸ்ஃபைனைட்(மாற்றம்))

எந்தெந்த இடம் என்று எண்களாகவே தந்துவிடும். ஆனால் அந்த -1 இருக்கிறதே, அதை எந்தச் சோதனையும் பிடிக்காது. விலை ஒரே நாளில் நூறு சதவீதம் விழுந்தது என்று அர்த்தம், பார்க்க ஒழுங்கான எண் மாதிரியே இருக்கும். ஆகவே வகுப்பதற்கு முன்பே சுழியத்தை எடுத்துவிடுங்கள்:

விலை = விலை.ஆஸ்டைப்(ஃப்ளோட்)
விலை[விலை == 0] = என்பி.நேன்

முதல் வரியை விடாதீர்கள், முழு எண் அரேயில் நேன் உட்காராது, எரர் அடிக்கும். சராசரிக்கு, நேனை விட்டுவிட்டுக் கணக்கிடும் நேன்மீன் போதும்.

நேன்_டு_நம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சும்மா கூப்பிட்டால் முடிவிலியை சுமார் 1.8 × 10^308 என்ற ராட்சத எண்ணாக மாற்றிவிடும், நேனை 0 ஆக்கிவிடும். சோதனை எல்லாம் பாஸ் ஆகும், சராசரி மட்டும் நாசமாகியிருக்கும்.

பின்சேர்க்கை: நெடுங்கண்டத்திலிருந்து ஒருவர், விலை அரேயில் ஐஸ்இன்ஃப் போட்டாலே டைப்எரர் வருகிறது என்று கேட்டிருந்தார். அரேயின் தரவு வகையான டிடைப்பைப் பாருங்கள், 'ஆப்ஜெக்ட்' என்று இருக்கும். விலையை '2,450' என்று கமாவோடு எழுதியிருந்தால், ஃபைலைப் படிக்கும் பைத்தான் நூலகமான பாண்டாஸ் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். ரீட்_சிஎஸ்வியில் தௌசண்ட்ஸ்=',' கொடுத்துத் திரும்பப் படியுங்கள். இன்னொன்று, தினசரி மாற்றத்தைக் கணக்கிடும் பாண்டாஸின் பிசிடி_சேஞ்ச் சுழியத்தால் வகுக்கும்போது எச்சரிக்கை எதுவும் காட்டாது, அதனால் அங்கே ஐஸ்ஃபைனைட் வரியைக் கட்டாயம் போடுங்கள்.